லேட்டாகச் சிரிக்கிற ஆள்

"இந்த ஆளைக் கொன்னே ஆகணும் பாஸ்," என்றான் மனோலி.

வெர்னா கட்மோர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பொய்த் தீ விபத்துகளைத் துருவித் துருவியே தலை நரைத்தவள் அவள். கொலை மிரட்டலுக்கெல்லாம் தேநீரை ஆறவிடுகிற பழக்கம் கிடையாது.

"எந்த ஆளை?"

"டிவிக்குள்ள உட்கார்ந்து சிரிக்கிறானே, அந்த ஆளை."

மெல்பர்னில், ஃபுட்ஸ்க்ரே ரயிலடிக்கு எதிரே, மீன் வறுவல் கடையின் மாடியில் இருந்தது அவர்களுடைய துப்பறியும் அலுவலகம். வெளியே ஜூலை மாதத்து மழை. உள்ளே எண்ணெய் வாசனை, மனோலி வாங்கி வந்த டிம் சிம் கறிக்கொழுக்கட்டைப் பொட்டலம், ஒரு பழைய டிவி. அதில் நாட்டையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த 'குடும்பம் அவுட்' ஓடிக்கொண்டிருந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நிஜக் குடும்பம் ஒன்றை ஒரு செட் வீட்டுக்குள் குடிவைப்பார்கள். பழைய சிரிப்புத் தொடர்களில் வருகிற மாதிரி வீடு, நடுவில் மஞ்சள் சோபா. அவர்கள் சண்டை போட்டாலும் அழுதாலும் பின்னணியில் கூட்டம் சிரிக்கிற சத்தம் வரும். வாரா வாரம் ஊர் ஓட்டுப் போட்டு அந்தக் குடும்பத்தில் ஒருவரை வெளியே அனுப்பும். அம்மாவையும் அனுப்பும். கிளம்புகிறவரைப் பார்த்து மீதிக் குடும்பம் ஒரே குரலில் சொல்ல வேண்டும்: "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, ஈ வரும்."

அந்த வரி இப்போது பனியனில் அச்சாகி விற்கிறது. கால்பந்து மைதானத்தில் தோற்கிற அணியைப் பார்த்துக் கூட்டமே அதைக் கத்துகிறது.

ஆனால் அதை எழுதியவள் குவெண்டா பாஸ்கோ. அவளுக்காகத்தான் இவர்கள் இந்த வழக்கை எடுத்திருந்தார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் குவெண்டா ஒரு நகைச்சுவைத் தொடருக்கு பைலட் எழுதினாள். அதாவது, வெள்ளோட்டமாக ஒரே ஒரு எபிசோடு. பெயர் 'அம்மா அவுட்'. சிரிப்புத் தொடரில் வருகிற குடும்பம் ஒன்று, தாங்கள் ஒரு ரியாலிட்டி ஷோவில் மாட்டியிருப்பது தெரியாமலேயே அம்மாவை ஓட்டுப் போட்டு வெளியேற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியை அம்மாவாக நியமித்துக்கொள்கிற கதை. இரண்டு வகை நிகழ்ச்சிகளையும் சேர்த்துக் கிழித்த கேலி. தெரிந்தவர்கள், சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து உட்காரவைத்து அவர்கள் முன்னால் ஒருநாள் நடித்துப் பதிவு செய்தார்கள். டிவி நிலையம் வேண்டாம் என்றது. டேப் அழிந்துவிட்டது என்றும் சொன்னது. அன்றோடு குவெண்டாவின் தொழில் முடிந்தது. இப்போது அவள் கிறிஸ்துமஸ் மேஜையில் இழுத்து உடைக்கிற காகித வெடிக்குள் வைக்க ஜோக் எழுதிப் பிழைக்கிறாள்.

போன வருடம் டேமியன் ஸ்ட்ரூட் என்கிற தயாரிப்பாளர் அவளுடைய கேலியிலிருந்து கேலியை மட்டும் உருவி எறிந்துவிட்டு, மிச்சத்தை நிஜமாகவே எடுத்துவிட்டார்.

"நான் எழுதினது சாபம். அவன் அதைச் சமையல் குறிப்புன்னு நினைச்சுட்டான்," என்றாள் குவெண்டா, முதல் நாள் மாடியேறி வந்தபோது. "அந்தப் பல் டாக்டர் அப்பாவை அனுப்பினப்ப, அந்த மனுஷன் மூக்கு ஒழுகுறதைக்கூடக் கிட்டத்துல காட்டினான், படுபாவி." அதே மூச்சில், "நான் அந்தக் கருமத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை," என்றும் சொன்னாள்.

திருட்டு என்று அவள் வானொலியில் பேசியதற்கு ஸ்ட்ரூட் அவதூறு வழக்குப் போட்டார். 'அப்படி ஒரு பைலட்டை நான் கண்ணால் கண்டதே இல்லை' என்பது அவர் வாதம். ஒன்று, அந்த டேப் அவரிடம் இருந்தது என்று குவெண்டா நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இறுதிச்சுற்று நேரலையில், அந்த மஞ்சள் சோபாவில் உட்கார்ந்து நாட்டின் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நஷ்டஈட்டுக்கே சன்ஷைனில் இருக்கிற அவள் வீடு போய்விடும். இறந்துபோன கணவன் நெவில் தன் கையால் கட்டிய வீடு.

இன்று புதன்கிழமை.

"கேளுங்க பாஸ்," என்று மனோலி படத்தைப் பின்னால் ஓட்டினான்.

திரையில் ஒரு பையன் அம்மாவை வெளியே அனுப்ப ஓட்டுக் கேட்டுவிட்டு, "அம்மா, என் சாக்ஸ் துவைச்சாச்சா?" என்றான். கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஏறி, இறங்கி, அடங்கியது. அடுத்த பேச்சு ஆரம்பித்தது. அப்புறம்தான் ஒற்றை ஆள் ஒருவன் தனியாகச் சிரித்தான். ஹீ, ஹீ, ஹெர்ர்ர் என்று, குளிர்காலக் காலையில் கிளம்ப மறுக்கிற பழைய வண்டி மாதிரி. கடைசியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஒரு சின்னக் குரல்: "ஆமால்ல."

"எல்லா எபிசோடிலும் வர்றான்," என்றான் மனோலி. "ஒவ்வொரு பப் மேடையா ஏறி எட்டு வருஷம் ஜோக் சொன்னவன் நான். எல்லா ஊர்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான். கூட்டம் சிரிச்சு முடிச்சு, நான் அடுத்த ஜோக்கை எடுத்ததும்தான் இவனுக்கு விளங்கும். என் தொழில் நாசமாப் போனதே இவனாலதான்."

"உன் தொழில் உன் ஜோக்காலதான் நாசமாச்சு."

"அது ரெண்டாவது காரணம்."

வெர்னா யோசித்தாள். "இது டப்பாச் சிரிப்பு. பொத்தானை அமுக்கினா வர்றது. தப்பான இடத்துல சிரிக்கிற ஆளை எவனாவது போய்க் கடையில வாங்குவானா?"

"அதைத்தான் சொல்றேன். இது கடைச் சரக்கில்ல. எங்கயோ நிஜமா உட்கார்ந்திருந்த கூட்டம். நிஜமான ஜோக்குக்குச் சிரிச்சிருக்கு. இவனுக எழுதுற ஜோக்குக்கு எவனும் இப்படிச் சிரிக்க மாட்டான்."

இப்போதுதான் வெர்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"குவெண்டா முதல் நாள் வந்தப்ப நீ எங்கடா இருந்த?"

"கீழே, டிம் சிம் வாங்கிட்டிருந்தேன்."

"அவ புருஷனைப் பத்திச் சொன்னா. அவ எழுதுற எந்த ஜோக்கும் நெவிலுக்கு உடனே புரியாதாம். எல்லாரும் அடங்கின பிறகு சிரிப்பானாம். சிரிச்சு முடிச்சதும் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவானாம்."

மனோலியின் வாயில் டிம் சிம் அப்படியே நின்றது.

"ஆமால்ல," என்றாள் வெர்னா.

*

அந்த நிகழ்ச்சிக்குச் சிரிப்புச் சத்தம் சேர்க்கிறவள் பிரன்ஸ்விக்கில், டயர் கடைக்குப் பின்னால் இருந்தாள். நைரீ என்று பெயர். நியூசிலாந்துக்காரி, மாவோரி இனத்தவள். அகன்ற தோள், மடியில் பாதி பின்னிய கம்பளிச் சட்டை, எதிரே வரிசையாகப் பொத்தான்கள் வைத்த ஒரு பலகை. ஒன்றைத் தட்டினால் கிளுகிளுப்பு, இன்னொன்றைத் தட்டினால் வயிறு குலுங்கல், மூன்றாவது 'ஐயோ பாவம்'.

"இதுல 'காசைத் திருப்பிக் கொடு'ன்னு பொத்தான் இருக்கா?" என்றான் மனோலி. "நான் மேடையேறினா அதுதான் வரும்."

"அதுக்குத் தனிப் பலகை வேணும் ப்ரோ." நைரீ சிரிக்காமல் சொன்னாள்.

வெர்னா சுற்றி வளைக்கவில்லை. "லேட்டாச் சிரிக்கிற ஆள் யாரு?"

நைரீயின் முகம் மலர்ந்தது. "லேட் மாமாவா? அவர்னா எனக்கு உயிரு. எவ்வளவு வெட்டினாலும் எங்கயாவது எட்டிப் பார்த்துடுவார். பேரு தெரியாது. அந்தச் சத்தம் முழுக்க ஸ்ட்ரூட் கொண்டுவந்து கொடுத்தது. அவரோட அம்பதாவது பிறந்தநாள் விருந்துல பதிவு பண்ணினாராம்."

"டேப் இருக்கா?"

"அதை அப்பவே எடுத்துட்டுப் போயிட்டார். சத்தத்தை மட்டும் நான் ஏத்தி வச்சிருக்கேன்."

"அந்த 'ஆமால்ல'வுக்கு அப்புறம் என்ன வரும்?"

"பேச்சு வரும். பக்கத்துல உட்கார்ந்தவங்ககிட்ட ஏதோ சொல்லுவார். சிரிப்புக்குள்ள பேச்சு வந்தா எனக்கு உதவாது. அங்கேயே வெட்டிடுவேன்."

"வெட்டினது?"

"நான் எதையும் தூக்கிப் போடுறதில்ல அக்கா." நைரீ ஹெட்போனை நீட்டினாள்.

வெர்னா மாட்டிக்கொண்டாள். கேட்டாள். மறுபடி கேட்டாள். கழற்றி வைத்தபோது, எரிந்த கிடங்குகளையும் எரித்த முதலாளிகளையும் சலிக்காமல் பார்த்த அந்த முகம் கொஞ்சம் கலைந்திருந்தது.

"என்ன பாஸ் சொல்றார்?"

"வெள்ளிக்கிழமை கேட்டுக்கோ."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இதை இப்பவே வக்கீல்கிட்டக் கொடுத்தா முடிஞ்சுதே."

"கொடுத்தா ஸ்ட்ரூட் கதையை மாத்துவான். பழைய சாமான் கடையில வாங்கினேன், யார் சிரிப்புன்னு எனக்கென்ன தெரியும்பான். முதல்ல அந்தப் பிறந்தநாள் பொய்யை அவன் வாயாலயே, நாடு கேட்க, சொல்லணும். ஒருதரம் சொல்லிட்டான்னா திரும்ப முழுங்க முடியாது." வெர்னா நைரீயின் பக்கம் திரும்பினாள். "நிகழ்ச்சி முடியறப்ப பேரெல்லாம் ஓடுமே, அதுல உன் பேரு எங்க வருது?"

பின்னல் ஊசி நின்றது.

"வராது. 'சிரிப்பு: டேமியன் ஸ்ட்ரூட்'னுதான் வரும்."

"வெள்ளிக்கிழமை நேரலையில இந்தப் பலகை யார் கையில இருக்கும்?"

நைரீ ஊசியைக் கம்பளி உருண்டையில் குத்தி வைத்தாள். அதை ஸ்ட்ரூட்டின் கண்ணில் குத்துகிற மாதிரி இருந்தது.

"என் கையிலதான் அக்கா," என்றாள்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெஸ்ட் கேட் பாலத்தில் காற்று வண்டியை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. மனோலி ஓட்டினான். பின் சீட்டில் குவெண்டா, நீலக் கோட்டு, தேவாலயத்துக்குப் போகிறவள் மாதிரி கையுறை.

"அந்தப் பல் டாக்டர் அப்பா எத்தனையாவது வாரம் வெளியே போனான் குவெண்டா?" என்றாள் வெர்னா, முன்னால் பார்த்தபடியே.

"ஆறாவது."

சொன்ன பிறகுதான் குவெண்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீங்கள் முன்னமே கவனித்திருந்தால் உங்களுக்கு என் முத்தம். ஒரு நிமிடம்கூடப் பார்க்காதவளுக்கு அந்த மனிதனின் மூக்கு ஒழுகியது எப்படித் தெரியும்?



"முதல் வாரத்துலேர்ந்தே தெரியும்," என்றாள் குவெண்டா. "திட்டுறதுக்காகத்தான் போட்டேன். மடியில சாப்பாட்டுத் தட்டு. திடீர்னு என் கூடத்துல நெவில் சிரிச்சான். தட்டு கீழே விழுந்துடுச்சு."

"அதை ஏன் எங்ககிட்டச் சொல்லல?" மனோலி கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"சொன்னா என்ன சொல்லுவாங்க? பாவம், புருஷன் போன துக்கம், டிவியில அவன் குரல் கேட்குதாம்னு தட்டிக்கொடுத்து அனுப்புவாங்க. ஸ்ட்ரூட்டோட வக்கீல் கைக்குட்டைகூட நீட்டுவான். யாராவது ஒருத்தர், நான் வாயைத் திறக்காம, தானாக் கேட்டுச் சொல்லணும். அப்பதான் அது சாட்சி."

"அதுக்குத்தான் எங்க ஏஜென்சிக்கு வந்தியா?" வெர்னாவின் குரலில் லேசான பெருமை.

"ஏஜென்சிக்கு இல்ல. இவனுக்காக வந்தேன். ஒருநாள் காலிங்வுட் பப்ல, எவனோ லேட்டாச் சிரிச்சான்னு மைக்கைப் போட்டுட்டு இறங்கிச் சண்டைக்குப் போனான். அந்தக் காது எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

மனோலி ஸ்டியரிங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாஸ், சம்பளத்தைப் பத்தி நாம கொஞ்சம் பேசணும்."

"ரோட்டைப் பாரு." வெர்னா திரும்பினாள். "அப்ப நான் எதுக்கு?"

"இவனைத் தனியா விட்டா தப்பான வீட்டுக்குப் போயிடுவான் கண்ணு."

பாலம் இறங்கியது. குவெண்டா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாரா வாரம் பார்த்தேன். என்கிட்டேர்ந்து திருடினதை, ஒண்ணு விடாம. இவனை ஒழிக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்காருவேன். நெவில் சிரிச்சதும் நானும் சிரிச்சுடுவேன். எதை மன்னிச்சாலும் அதை மட்டும் ஸ்ட்ரூட்டுக்கு மன்னிக்க மாட்டேன்."

"உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு," என்றாள் வெர்னா. "அதை நான் சொல்லப் போறதில்ல. சோபாவுல உட்கார்ந்ததும், லேட்டாச் சிரிக்கிறது யாருன்னு அவன்கிட்டக் கேளு. அது போதும்."

*

போர்ட் மெல்பர்ன் ஸ்டுடியோவில் நெருக்கியடித்துக் கூட்டம். மேலே, கண்ணாடி அறையில், நைரீ பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெர்னாவும் மனோலியும். கீழே செட் வீடு, மஞ்சள் சோபா, ஓரத்தில் வலையடித்த வாசல் கதவு.

டேமியன் ஸ்ட்ரூட் தானே தொகுத்து வழங்குகிறவர். பல்லெல்லாம் புதுக் குளியலறை மாதிரி வெள்ளை.

"குவெண்டா டார்லிங், வாங்க. நாட்டுக்கு ஏதோ சொல்லணும்னு சொன்னீங்களாமே."

"சொல்றேன் டேமியன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆசை. உங்க நிகழ்ச்சியில லேட்டாச் சிரிக்கிறாரே ஒருத்தர், அவர் யாரு? எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்."

கூட்டம் கை தட்டிய தட்டில் செட் அதிர்ந்தது. நாட்டுக்கே பிடித்த ஆளாயிற்றே. ஸ்ட்ரூட் குளிர்ந்துபோனார்.

"அதுவா? என்னோட அம்பதாவது பிறந்தநாள். பிரைட்டன்ல என் வீட்டுத் தோட்டம். அங்க பதிவு பண்ணின சிரிப்பு. அவர் எங்க மாமா."

"பேரு?"

கண் இமைக்கிற நேரம்தான் யோசித்தார். "பெர்சி மாமா."

"எப்ப நடந்தது அந்த விருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"வேற எங்கேர்ந்தும் எடுக்கலையே?"

"நீங்க கேட்கிற ஒவ்வொரு சிரிப்பும் என் வீட்டுச் சிரிப்பு டார்லிங்." ஸ்ட்ரூட் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தார். "இப்ப அந்த மன்னிப்பு?"

மேலே வெர்னா குனிந்தாள். "இப்ப."

நைரீ பொத்தானை அமுக்கினாள்.

கூட்டம் சிரித்தது, டப்பாவிலிருந்து. அடங்கியது. பிறகு, எல்லோரும் எதிர்பார்த்த இடைவெளிக்குப் பின், ஹீ, ஹீ, ஹெர்ர்ர். "ஆமால்ல." வழக்கமாக அங்கேதான் வெட்டு விழும். இன்று விழவில்லை. ஸ்டுடியோ முழுக்க, நாடு முழுக்க, அந்தக் குரல் தொடர்ந்து பேசியது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வது போல மெதுவாக.

"மன்னிச்சுக்கங்க, நமக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் விளங்கும். இதை எழுதினது எம் பொண்டாட்டிதாங்க. அதோ ஓரமா நிக்கிறா பாருங்க, குவெண்டா. கதவைச் சாத்திட்டுப் போ, ஈ வரும்னு இப்பச் சொன்னாங்களே, அது எங்க வீட்டு வரி. நான் தினம் வாங்கிக் கட்டிக்கிறது."

அந்த 'ஆமால்ல'வோடு நெவில் முடிந்துபோனான் என்றுதான் குவெண்டா இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அன்று செட்டின் ஓரத்தில் பயந்துகொண்டு நின்றவளுக்கு இது கேட்கவே இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்துக் கேட்டது. ஆனால் அவள் அழவில்லை. அழுதால் கிட்டத்தில் காட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதை எழுதியவளே அவள்தானே.

"இவர் பேரு பெர்சி இல்ல டேமியன். நெவில் பாஸ்கோ. செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க பிறந்தநாளுக்கு எப்படி வந்தார்? பரிசு ஏதாவது கொண்டுவந்தாரா?"

டப்பாச் சிரிப்பு இல்லை இப்போது. நிஜக் கூட்டம், முதலில் ஒரு வரிசை, பிறகு எல்லா வரிசையும், சிரித்தது. அந்தச் சிரிப்பில் இரக்கம் கொஞ்சமும் இல்லை.

ஸ்ட்ரூட் விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினார். விளம்பரம் போடு, விளம்பரம் போடு. மேலே இயக்குநர் அந்த விரலைப் பார்த்தார். ஒருத்தர் உடைகிறபோது விளம்பரத்துக்குப் போகாதே, கிட்டத்தில் போ என்று ஊழியர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தது ஸ்ட்ரூட்தான். இயக்குநர் நல்ல மாணவர். கேமரா கிட்டத்தில் போனது. நெற்றி வியர்வை தெரிந்தது. மூக்கும் தெரிந்தது.

"ஒழுகுது பாஸ்," என்றான் மனோலி மரியாதையோடு. "பல் டாக்டரை விட அதிகமா."

ஸ்ட்ரூட் எழுந்தார். மைக்கைச் சட்டையிலிருந்து பிடுங்கி சோபாவில் எறிந்துவிட்டு, செட் வீட்டின் வலைக் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கதவு திறந்தபடியே ஆடியது.

"டேமியன்," என்றாள் குவெண்டா.

பழக்கதோஷம். நின்று திரும்பிவிட்டார்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க. ஈ வரும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது ஜோக்காக அவள் வாயிலிருந்து வரவில்லை. ஸ்ட்ரூட் கை நீட்டி, பிடியைப் பிடித்து, கதவைச் சாத்தினார். உள்ளே அவ்வளவு அமைதி. கொண்டி விழுந்த சத்தம் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

யாரும் நைரீயிடம் சொல்லவில்லை. வெர்னாகூட வாய் திறக்கவில்லை. அந்த அகன்ற விரல் தானாகப் பலகையின் மேல் காத்திருந்தது. சரியான நேரத்தை வேண்டுமென்றே தவறவிட்டு, அதற்கும் கொஞ்சம் தள்ளி, இறங்கியது.

ஹீ, ஹீ, ஹெர்ர்ர்.

"ஆமால்ல."